முழங்கையில் இருந்தவன்

ஜெஸ்ரினின் வலது முழங்கைக்குள் இருந்த தசைநார் அவனுடையதல்ல, இறந்துபோன ஒருவனுடையது. அறுந்துபோன சொந்தத் தசைநாரை வெட்டி எடுத்துவிட்டு, எலும்பில் துளைகள் போட்டு, யாரோ ஒருவனின் முழங்காலுக்குப் பின்னாலிருந்து எடுத்ததைக் கோத்துக் கட்டியிருந்தார்கள். பேஸ்பாலில் பந்தெறிவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தச் சத்திரசிகிச்சை ஒன்றும் புதினமில்லை. அனேகம் பேருக்கு அவரவர் மணிக்கட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்துச் சமாளித்துவிடுவார்கள். ஜெஸ்ரினுக்கு மணிக்கட்டில் அந்தத் துண்டு பிறவியிலேயே இல்லை, காலிலிருந்து எடுக்கலாமென்றால் அங்கே பழைய காயம். கடவுள் நல்ல கையைக் கொடுத்துவிட்டு உதிரிப்பாகத்தைக் கொடுக்க மறந்துவிட்டார் என்று அவன் பகிடியாகச் சொல்வதுண்டு. அது சிகிச்சைக்கு முதல். பிறகு அந்தக் கையைப் பற்றி அவன் பகிடி விடவில்லை.

லண்டன் மனோர் பார்க்கில், மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் பேஸ்பாலுக்குப் போனது எப்படி என்று கேட்பவர்களுக்குப் பதில் மிகச் சுருக்கமானது. பதினான்கு வயதில், பள்ளிக்கூட மைதானத்தின் எல்லைக் கோட்டிலிருந்து அவன் எறிந்த கிரிக்கெட் பந்து நிலத்தில் படாமல் விக்கெட் காப்பாளரின் கைக்குள் போய் விழுந்தது. அதைப் பார்த்த கனடாக்கார ஆசிரியர் ஒருவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவனை பின்ஸ்பரி பார்க்குக்குக் கூட்டிப் போய் ஒரு மண்மேட்டில் நிறுத்தினார். அறுபது அடி தூரத்தில் கையுறையோடு ஒருவன் குந்தியிருப்பான். அந்தக் கையுறைக்குள் எறி, அவ்வளவுதான் உன் வேலை என்றார். ஓடவேண்டாம், அடிக்கவேண்டாம், எறிந்தால் போதும். உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று ஜெஸ்ரின் வாயைப் பிளந்தான்.

பதினெட்டு வயதில் ஒரு அமெரிக்கக் கல்லூரி அழைத்தது. இருபத்தொரு வயதில் ஒரு தொழில்முறை அணி ஒப்பந்தம் போட்டது. தொழில்முறை என்றதும் தொலைக்காட்சியில் வரும் அரங்குகளை நினைக்கக் கூடாது. ஏணியின் அடியில் நான்கைந்து படிகள் உண்டு. சின்னச் சின்ன நகரங்கள், எட்டு மணித்தியால பஸ் பயணம், ஒரு அறையில் நாலு பேர், மூன்று வேளையும் ரொட்டிக்குள் வேர்க்கடலை வெண்ணெய். அவன் மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் எறிந்தான், படிப்படியாக ஏறினான். உச்சிக்கு இன்னும் இரண்டே படி இருந்தபோது, ஒரு ஆடி மாதப் பிற்பகல், கையை வீசிய நடுவில் முழங்கைக்குள் பழைய துணி கிழிந்ததுபோல ஒரு சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. அணி முதுகில் தட்டி, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பியது. அப்போது அவனுக்கு இருபத்துநாலு வயது.

இத்தனை காலமும் அவனுடைய தாய் றோஸ்மலர் கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் "மகன் அமெரிக்காவில பிசியோ படிக்கிறான்" என்றே சொல்லிவந்தாள். பந்தெறிகிறான் என்று சொன்னால் பந்து பொறுக்குகிறான் என்று நினைப்பார்கள் என்பது அவள் கட்சி. ஆறு வருடமாகப் படித்த பிசியோவுக்குச் செத்தவனையே எழுப்பி நடக்கவைத்திருக்கலாம். யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

லண்டனில்தான் சத்திரசிகிச்சை நடந்தது. தசைநாரைக் கொடுத்தவர் ஓர் இளைஞர், விபத்தில் இறந்தவர், இதற்குமேல் சொல்ல அனுமதியில்லை என்றாள் தாதி. அந்த இரண்டு தகவலும் ஜெஸ்ரினின் கைக்குள் குடிவந்துவிட்டன. காலையில் அவன் விழிப்பதற்கு முன்னால் கை விழித்திருக்கும். மேசையில் சும்மா வைத்தால் இரண்டு விரல்கள் தாமாகத் தட்டத் தொடங்கும். அவன் அவற்றை வேறொருவரின் விரல்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பான். படுக்கையில் கைக்குத் தனித் தலையணை. எங்கேயாவது இடித்துக்கொண்டால் "சொறி" என்று மன்னிப்புக் கேட்பான், யாரிடமென்று அவனுக்கே தெரியாது. பகல் வெளிச்சத்தில் நடக்கிற இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது? பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட வெட்கம் கூடுதலாக இருந்தது.

றோஸ்மலருக்கு அந்த வெட்கம் இல்லை. இறந்தவர் என்றால் ஆத்துமா, ஆத்துமா என்றால் பூசை. நவம்பரில் ஆத்துமாக்களின் மாதம் வந்ததும், இறந்தவர்களின் பெயர் எழுதிப் பீடத்தடியில் வைக்கிற பெட்டிக்குள், "எனது மகனின் கையில் இருக்கும் பிள்ளை" என்று எழுதிப் போட்டாள். சுவாமியார் அதை வாசித்தபோது ஒருகணம் தடுமாறினார். ஜெஸ்ரின் கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

பதினாறு மாதம் கழித்து அவன் மறுபடி மேட்டில் ஏறினான். பின்ஸ்பரி பார்க் கிளப்பில் அவனுடைய பழைய கேட்சர் மேர்வின், பகலில் பிளம்பர், பின்னேரங்களில் குந்தியிருந்து அவனுடைய பந்துகளைப் பிடித்தான். டொக்டர் கை சுகம் என்றார். ஆனால் வேகம் எண்பத்தெட்டைத் தாண்டவில்லை, பந்தும் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. விடுகிற அந்தக் கடைசி நொடியில் உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"மச்சான், நீ ஆருக்கு எறியிறாய்?" என்றான் மேர்வின், மதிலில் பட்டு உருண்ட பந்தை எடுத்துக்கொண்டு வந்து. "எனக்கில்லை."

இதற்குள் அவனுக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது. அந்த வயதில், இரண்டு வருடம் எறியாத ஒருவனை அமெரிக்காவில் யாரும் தேடுவதில்லை. ஆனால் அங்கே இல்லினோய் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்து அணி, பெரிய ஏணியில் சேராத, சம்பளம் குறைந்த, ஆனாலும் தொழில்முறை அணி, ஐரோப்பாவில் ஆள் பார்க்க ஒருவரை அனுப்பியிருந்தது. சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவர் பின்ஸ்பரி பார்க்குக்கு வருவார், முப்பது பந்து பார்ப்பார். இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை என்பது ஜெஸ்ரினுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று வாரம் முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே கையால் எழுதிய கடிதம். எழுதியவள் ஏஞ்சலா என்ற ஒரு தாய், நோரிச் நகரத்தில் இருந்து. தசைநாரைக் கொடுத்தவன் அவளுடைய மகன் டேனியல். "உங்கள் தாயின் கடிதத்தைத் தினமும் வாசிக்கிறேன். என் பிள்ளையின் ஒரு துண்டு, குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் ஒரு டாக்டரின் கைக்குள் இருக்கிறது என்று நினைத்துத்தான் காலையில் எழும்புகிறேன். அவனுடைய கல்லறையிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குச் சம்மதமானால் அந்தக் கையை ஒருமுறை பார்க்க ஆசை."

ஜெஸ்ரின் அதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு கடிதத்தோடு குசினிக்குப் போனான்.

"அம்மா, என்ன எழுதினனீங்கள் இந்த மனுசிக்கு?"

றோஸ்மலர் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நன்றி எண்டு எழுதினன். நீ எழுதேல்லை. ஆராவது எழுதத்தானே வேணும்."

"நான் டொக்டர் எண்டு எழுதினீங்களோ?"

"பின்ன என்னத்தை எழுதச் சொல்றாய்?" இப்போது நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரலில் சண்டை. "ஒரு தாய் தன்ர பிள்ளையை வெட்டிக் குடுத்திருக்கிறா. அவவிட்டை நான், என்ர மகன் அதை வைச்சுப் பந்து எறியிறான் எண்டு எழுதிறதோ? எனக்கு எழுத மனம் வரேல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

ஜெஸ்ரினுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அதற்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது: அவமானம். தாயின் கண்ணில் அவனுடைய ஒன்பது வருடமும் ஒரு கடிதத்தில் எழுதத் தகுதியில்லாத விஷயமாக இருந்திருக்கிறது. அதைவிட மோசம், அவள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாக அவனுக்கே பட்டது. அன்று பின்னேரம் அவன் எறிந்த நாற்பது பந்தில் பதினொன்றுதான் மேர்வினின் கைக்குப் போனது.

ஆனாலும் ஆஸ்பத்திரியின் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அவளை வரச் சொன்னான். கைக்குள் இருப்பவன் யாரென்று அவனுக்குத் தெரிந்தாகவேண்டும். ஏஞ்சலா தேர்ந்தெடுத்த நாள் வியாழக்கிழமை. சனிக்கு இரண்டு நாள் முன்பு.

வியாழன் காலை றோஸ்மலர் அவனுக்கு வெள்ளைச் சட்டை அயர்ன் பண்ணி வைத்தாள். கழுத்தில் தொங்கவிட ஸ்டெதஸ்கோப் ஒன்றும் வாங்கிவராததே பெரிய காரியம். "ஒரே ஒரு மணித்தியாலம் மகன். ஓம் எண்டு தலையாட்டு, காணும். மனுசி நிம்மதியாப் போகட்டும்." அவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

ஏஞ்சலா ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண், ஸ்ட்ராட்ஃபோர்டில் ரயில் மாறி வந்ததைப் பற்றி வாசலிலேயே இரண்டு நிமிடம் பேசினாள். பதற்றம். சோபாவில் உட்கார்ந்தாள். ஜெஸ்ரின் சட்டைக் கையை மடித்து உயர்த்தினான். முழங்கையின் உட்புறம் வளைந்து கிடந்த தழும்பின்மேல் அவள் விரல் நுனியை வைத்தாள். அழவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"சூடாக இருக்கிறது" என்றாள்.

ஜெஸ்ரினால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வருடம் மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டான்: "டேனியல் மேசையில் விரலால் தட்டுவானா? இப்படி, இரண்டு விரலால்?"

அவள் யோசித்தாள். "டேனியலா? இல்லையே. அவனுக்குத் தாளமே வராது."

தேநீர்த் தட்டோடு நின்ற றோஸ்மலர் தமிழில் சொன்னாள்: "அது உன்ர அப்பா பஸ் ஓட்டேக்க ஸ்டியரிங்கில தட்டிறது. சின்னனிலயிருந்து நீயும் தட்டுறனி. உனக்குத் தெரியாதோ?"

அப்படியானால் இவ்வளவு காலமும் யாருக்கு அவன் தலையணை போட்டான்?

ஏஞ்சலா கையை விடாமலே கேட்டாள்: "எந்த மாதிரிக் குழந்தைகளுக்குச் செய்கிறீர்கள்? இதயமா?"

ஜெஸ்ரின் ஏஞ்சலாவின் வெளிறிய கண்களைப் பார்த்தான். இந்தக் கேள்விக்குத் தலையாட்டினால், இனி ஒருநாளும் அந்தக் கை தன்னுடையதாகாது என்று தோன்றியது.

"நான் டாக்டர் இல்லை" என்றான். "அம்மா எழுதியது பொய். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டா. நான் பேஸ்பால் விளையாடுகிறேன். பந்தெறிகிறவன். அதற்காகத்தான் இந்தச் சிகிச்சை."

ஏஞ்சலா தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். றோஸ்மலர் "சொறி" என்றாள், மறுபடி "சொறி" என்றாள், அதற்குமேல் அந்த நேரத்தில் அவளுக்கு இங்கிலிஷ் வரவில்லை. தட்டை வைக்க இடம் தெரியாமல் நின்றாள்.

"எறிவது என்றால்?" என்றாள் ஏஞ்சலா கடைசியில். "வேகமாகவா?"

"ஓம். வேகம்தான் முக்கியம்."

"எவ்வளவு?"

"தொண்ணூறு மைலுக்கு மேலே."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டாம் என்று ஜெஸ்ரின் பிறகு பல தடவை நினைத்தான். "போலீஸ்காரரும் இதைத்தான் சொன்னார். தொண்ணூறுக்கு மேலே. நோரிச்சுக்கு வெளியே ஒரு நேரான றோட், நனைந்திருந்தது, மோட்டார் சைக்கிள். அவனுக்குப் பதினாறு வயதானதிலிருந்து கெஞ்சினேன். மெதுவாகப் போ, மெதுவாகப் போ. அவனுக்கு மெதுவென்றால் என்னவென்றே தெரியாது." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "டாக்டரின் கை மெதுவாக வேலை செய்யும் என்று நினைத்தேன். கடைசியில் அவன் எங்கேயோ மெதுவாக, கவனமாக இருக்கிறான் என்று."

ஏஞ்சலா மறுபடி தழும்பைப் பார்த்தாள்.

"அறுந்துபோனால் என்ன செய்வார்கள்?"

ஜெஸ்ரின் உண்மையைச் சொல்லத் தொடங்கியிருந்தான், நடுவில் நிறுத்த வழி தெரியவில்லை. "எடுத்துவிட்டு வேறொன்று போடுவார்கள்."

"எடுத்ததை?"

"எறிந்துவிடுவார்கள்."

அவள் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று அவனுடைய முகத்தைப் பார்க்காமல் முழங்கையைப் பார்த்துச் சொன்னாள்: "அது உன் கை. நான் என்ன சொல்ல முடியும்? டேனியலே என் சொல்லைக் கேட்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எறியாதே." தன் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி றோஸ்மலரின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை றோஸ்மலரும் கூடவே வெளிக்கிட்டாள். பதின்மூன்று வருடத்தில் அவள் ஒருநாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. கேர் ஹோம் வேலைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, செபமாலையைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து, கம்பிவலைக்குப் பின்னால் நின்றாள். எறியப் போகிறாயா என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியாது.

அமெரிக்கர் ஒரு மடக்குக் கதிரையில், வேகம் அளக்கும் கருவியை மடியில் வைத்தபடி இருந்தார். முதல் பத்துப் பந்து எண்பத்தாறு, எண்பத்தேழு. நாலு பந்து மேர்வினுக்கு எட்டாமல் போயின. அமெரிக்கர் ஒன்றும் எழுதவில்லை. பதினெட்டாவது பந்துக்குப் பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெஸ்ரின் மேட்டின் பின்னால் இறங்கி, பந்தைக் கையில் உருட்டியபடி நின்றான். உள்ளே இழுப்பது யார்? டேனியலுக்கு மெதுவென்றால் என்னவென்றே தெரியாது என்று அவன் தாயே சொல்லிவிட்டாள். தொண்ணூறில் போனவன் ஏன் எண்பத்தெட்டில் பிடித்து இழுக்கிறான்? இழுத்தது டேனியல் இல்லை. இரண்டு வருடமாகக் கண்ணாடிச் சாமானைத் தூக்குவதுபோல அந்தக் கையைத் தூக்கி, அறுந்துவிடுமோ என்று கடைசி நொடியில் இறுக்கிப் பிடித்தது அவனேதான். கைக்குள் இருந்தவனுக்கு எறிவதில் ஆட்சேபம் இருக்கவே இல்லை. ஆட்சேபம் நோரிச்சில் இருந்தது.

அது தெரிந்தும் அவன் மேட்டில் ஏறினான். அந்தப் பெண்ணின் முகம் நினைவில் வந்தது, அவன் அதைத் தள்ளவில்லை. காலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, முழுக்கையையும் கொடுத்து எறிந்தான். மேர்வினின் கையுறை வெடித்ததுபோல ஒலித்தது. கம்பிவலைக்குப் பின்னால் றோஸ்மலர் சிலுவை அடையாளம் போட்டாள்.

தொண்ணூற்றிரண்டு. அடுத்தது தொண்ணூற்றிரண்டு. அதற்கடுத்தது தொண்ணூற்று நாலு, சொன்ன மூலையில், முழங்கால் உயரத்தில். அமெரிக்கர் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். மீதிப் பந்துகளை நின்றபடியே பார்த்தார். பிறகு வந்து கைகுலுக்கி, மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை ஒரு பருவத்துக்கு எடுக்கிறோம், திங்கள் கடுதாசி வரும் என்றார். மேர்வின் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். சந்தோசம் வரவேண்டும் என்று ஜெஸ்ரின் காத்திருந்தான். வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. செய்யக்கூடாத ஒன்றை ஒரு கூட்டாளியோடு சேர்ந்து செய்துவிட்டு, வீட்டில் யாரோ காத்திருப்பதை நினைக்கிற பிள்ளையின் குற்ற உணர்வும் கூடவே வந்தது.

பஸ் தரிப்பில் நிற்கும்போது றோஸ்மலரின் போனில் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை அவள் ஏஞ்சலாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பியிருந்தாள், சனிக்கிழமை பற்றியும் சொல்லியிருந்தாள். செய்தியில் இரண்டே சொல்: "அவன் எறிந்தானா?"

"இல்லையெண்டு போடுறன்" என்றாள் றோஸ்மலர் அவசரமாக. "பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போறான் எண்டு போடுறன் மகன்."

"தாங்கோ அம்மா."

போனை வாங்கி அவனே எழுதினான். "ஜெஸ்ரின் எழுதுகிறேன். எறிந்தேன். தொண்ணூற்று நாலு. அறுந்துபோகவில்லை. மே மாதம் அமெரிக்கா போகிறேன்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஹாக்னி தாண்டும்வரை பதில் இல்லை. பிறகு ஒன்று வந்தது: "வீட்டுக்கு வந்துவிட்டாயா?"

அவன் விளங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் வந்தது. "விபத்து நடந்த இரவு டேனியலிடம் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். இன்னும் என் போனில் இருக்கிறது, பதில் வரவில்லை. நீ எறிகிற ஒவ்வொரு நாளும் கேட்பேன். நீ பதில் போடவேண்டும். வேறொன்றும் கேட்கமாட்டேன்."

றோஸ்மலர் அவன் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓம் எண்டு போடு. பாவம், பாத்துக்கொண்டு இருக்கும். ஓம், வந்திட்டன் எண்டு போடன்."

"இன்னும் வரேல்லையே அம்மா."

"அரை மணித்தியாலத்தில வந்திடுவம்தானே. அவவுக்கு என்ன தெரியப்போகுது?"

ஜெஸ்ரின் போனைப் பிடித்தபடி இருந்தான். சின்னப் பொய். இந்த லண்டனில் பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு வந்துவிட்டேன் என்று சொல்லாதவர் யார்? ஆனால் அவனால் ஏலவில்லை. "இன்னும் இல்லை. அரை மணித்தியாலம்" என்று எழுதினான். அவள் வாசித்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. பதிலில்லை.

ஃபாரஸ்ட் கேட்டில் றோட்டைத் தோண்டியிருந்தார்கள். பஸ் ஒரு சிவப்பு விளக்குக்கு முன்னால் நின்றது, விளக்கு பச்சையாகி மறுபடி சிவப்பாகியது, பஸ் அசையவில்லை. பத்து நிமிடம். பதினைந்து. அரை மணித்தியாலம் முடிந்துவிட்டது. நோரிச்சில் ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது, பக்கத்து இருக்கையில் இருப்பவளைப் போல அவனுக்குத் தெரிந்தது.

"இறங்குவம்" என்றது றோஸ்மலர்தான்.

இறங்கி நடந்தார்கள். நடை ஓட்டமாகியது. முழங்கால் வருத்தக்காரி, ஐம்பத்தெட்டு வயது, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, றோம்ஃபோர்ட் றோட் நெடுக மகனுக்குப் பின்னால் ஓடினாள். "நில்லாத, நீ போ, நீ முதல் போ" என்று மூச்சுக்கிடையில் கத்தினாள். அவன் போனான். தங்கள் தெருவுக்குள் திரும்பி, திறப்பைத் தேடி எடுத்து, கதவைத் திறந்து, இரண்டு காலையும் உள்ளே வைத்தபிறகுதான் எழுதினான்.

"வந்துவிட்டேன்."

அனுப்பிய கணமே நீலக் கோடுகள் விழுந்தன. ஏஞ்சலா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று மேலே காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. வாசலில் றோஸ்மலர் வந்து, மூச்சு வாங்க, கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னவாம்?" என்றாள்.

வந்தது ஒரே ஒரு வரி. அவன் அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னான்.

"பிந்திப்போச்சு, சாப்பிட்டு விட்டுப் படு எண்டு எழுதியிருக்கிறா."

அப்போது மத்தியானம் இரண்டரை மணி.